வலப்பக்கம்

எங்கள் வீட்டு போட்டோக்களில்
எல்லோரும் அப்பாவுக்கு வலப்பக்கம்தான் நிற்போம்.
காதுகுத்து, வளைகாப்பு, எதுவானாலும்.
இடப்பக்கம் ஒரு தூண் இருக்கும், இல்லை வாழைமரம்,
இல்லை யாரென்றே தெரியாத ஒருவர்
சந்தனக் கிண்ணத்தோடு.

இடது காதை அவர்
எண்ணூர் அனல்மின் நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார்.
முப்பத்திரண்டு வருஷம்.
நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங்மேல் ஊன்றி
பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு
கண்ணை மூடுவாராம்.
நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றுகிற ஒன்று
தனக்கு எங்கே வலிக்கிறதென்று
தணிகாசலம் சாரிடம் மட்டும் சொல்லுமாம்.
சொன்னவர் ஃபிட்டர் பெஞ்சமின்,
காரியத்தன்று பந்தலில்,
கையில் டீ ஆறிப்போக.

வீட்டில் மிக்ஸிக்கும் அதே வைத்தியம்.
எனக்கு இளைப்பு வந்த ராத்திரியில் மட்டும்
வலது காதை என் முதுகில் வைத்துக் கேட்டு
"கொஞ்சம் ஸ்டீம் லீக்" என்றார்.
விம்கோ நகர் கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி வர நேரமிருக்கிறதென்று
ஒரு கையில் சைக்கிள், ஒரு கையில் நான்,
தண்டவாளத்தைத் தாண்டினார்.
விதிகளை மீறி அவரைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வெளுத்துக் காயப்போட்ட சட்டையில்
சாயங்காலத்துக்குள் சாம்பல் படிந்திருக்கும்.
அம்மா திட்டுவாள். அவருக்குக் கேட்காது.
சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து
முதலிலிருந்து திட்டுவாள்.

கட்டிலில் மட்டும் அவள் இடம் இடப்பக்கம், சுவரோரம்.
வலது காது தலையணையில் புதைந்ததும்
இருட்டில் பேச ஆரம்பிப்பாள்.
பகலில் சொல்ல முடியாததையெல்லாம்.
"செவுத்துகிட்ட பேசறதுக்கு இது தேவலை,
மூச்சாவது விடுது" என்பாள் என்னிடம்.

ஒருமுறை ஏகாம்பரம் மாமாவுக்காக
அப்பாவுக்குத் தெரியாமல் செயினை அடகு வைத்தாள்.
பத்தே நாளில் அது அரிசி டிரம்மில் கிடந்தது.
மாமாதான் மீட்டு வைத்ததாக அம்மா நினைத்தாள்.
அம்மாவே மீட்டுவிட்டாளென்று மாமா நினைத்தார்.
கேட்டால் மரியாதையாக இருக்காதென்று
இருவரும் கேட்கவே இல்லை.

பதினாறாம் நாள் முடிந்து
அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்தோம்.
வீட்டுவரி ரசீது, கேஸ் புத்தகம்,
எங்கள் ஒவ்வொருவரின் ரத்தப் பிரிவு.
அடியில், பிராட்வே கடை பில் ஒன்று:
காது மெஷின், இடது, எண்ணிக்கை 1.
ரிட்டையர் ஆன அடுத்த வருஷத் தேதி.

கூடவே ஒரு நோட்டு.
ஷிப்ட் லாக் மாதிரியே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு.
ஆன் 22.10. ஆஃப் 23.40. சத்தம் சீர்.
ஆன் 22.05. ஆஃப் 22.50. சத்தம் சீர்.
ஆன் 22.15. அதிர்வு அதிகம். கவனிக்க வேண்டும்.
ஒன்பது நாள் கழித்து,
சிவப்பு மையில், சரிசெய்யப்பட்டது.

அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள்.
"திருட்டு மனுஷன்."
பிறகு முகம் மாறியது.
"அப்ப இவரு தங்கச்சியப் பத்தி
நான் பேசினதெல்லாம்?"
தேடினோம்.
நாலைந்து இடத்தில், ஒரே வாசகம்:
22.30. சரோஜா பேச்சு ஆரம்பம். பேட்டரி கழற்றப்பட்டது.

பதினாறு நாளில் முதல்தடவையாகச் சிரித்தாள்.
பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று
முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு
தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.
பாதியில் அது வேறொன்றாகிவிட்டது.

ராத்திரி நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
கட்டிலில் அதே சுவரோரம் படுத்திருந்தாள்.
பேச்சுச் சத்தம் வந்தது.
இத்தனை வருஷம் கதவு தாண்டிக் கேட்ட குரல்,
இப்போது ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.
கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.